முதல் மென்பவளம் வாங்கப் போனபோது எனக்கு யாரும் சொல்லாத கேள்வி

வீட்டில் வைத்திருக்கும் கடல் மீன்தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி மூன்று மாதம் வரை நான் ஒரு பவளம்கூட வாங்கவில்லை. முதல் ஆறு வாரம் பாறையும் மணலும் மட்டும். பாக்டீரியாக்கள் வளர்ந்து, நஞ்சான அமோனியா ஏறி, நைட்ரைட்டாகி, அதுவும் இறங்கி, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டில் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி படர்ந்து, சில வாரங்களில் தானாகவே குறைந்தது. அதற்குப் பிறகுதான் பவளம் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணை இழுத்தவை கல் பவளங்கள்தான். ஆனால் அவை சுண்ணாம்பு எலும்பை வளர்த்துக்கொண்டே போகும். அதற்காகத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் நாள்தோறும் உறிஞ்சும். நாம் அளந்து அளந்து ஈடுகட்ட வேண்டும். சாஃப்ட் கோரல் என்று விற்கப்படும் மென்பவளங்களுக்கு அப்படிக் கல் எலும்பு கிடையாது. சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் மட்டுமே இருக்கும். 120 லிட்டர் தொட்டியில் வாரம் ஒருமுறை பத்து சதவீதத் தண்ணீரை மாற்றினாலே அவற்றுக்குப் போதும் என்பதால் அந்தப் பக்கம் திரும்பினேன்.

நோட்டில் இரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? எவ்வளவு நீரோட்டம் தாங்கும்? மூன்றாவதாக ஒன்றை எழுதியிருக்க வேண்டும்: எவ்வளவு வேகமாகப் பரவும்? எளிதில் வளரும் பவளங்களை வாங்கும்போது பிழைக்குமா என்றுதான் எல்லாரும் பயப்படுகிறோம். எனக்கு வந்த பெரிய தொல்லை, பிழைத்து ஊரை வளைத்ததால் வந்தது.

முதலில் வாங்கியது டிஸ்கோசோமா வகைக் காளான் பவளம். குறைந்த வெளிச்சமும் மெதுவான ஓட்டமும் போதும் என்பதால் பாறையின் அடியில் நிழலான இடம் கொடுத்தேன். கல்லில் ஒட்டாமல் தனியாக வந்த துண்டு அது. வழவழப்பான உடம்பில் பசை நிற்கவே இல்லை. ஒரு சிறு கிண்ணத்தில் உடைந்த பவளக் கற்களைப் போட்டு, காளானை மேலே வைத்து, வலைத்துணியால் மூடி, ஓட்டமில்லாத மூலையில் வைத்தேன். பத்து நாளில் ஒரு கல்லைத் தானே பிடித்துக்கொண்டது. அந்தக் கல்லைப் பாறையில் ஒட்டினேன், அவ்வளவுதான்.

இரண்டாவது டோட்ஸ்டூல் எனப்படும் லெதர் கோரல். குடை போன்ற தலை, அதன் மேல் பாலிப் எனப்படும் பூப்போன்ற குட்டி உயிர்கள் நூற்றுக்கணக்கில். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பாலிப்பிலும் இறகு மாதிரி எட்டுக் கைகள் தெரியும். உண்மையான மென்பவளத்துக்கு அதுதான் அடையாளம். காளானும், பொத்தான் போன்ற பாலிப்புகள் கூட்டமாக வளரும் ஜோவாந்திட்டும் கடைகளில் இந்த வரிசையில் இருந்தாலும், உறவுமுறையில் கல் பவளங்களுக்குத்தான் நெருக்கம்.

டோட்ஸ்டூல் வந்து ஐந்தாவது வாரம் பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு மூடிவிட்டது. தலை மேல் மெழுகு பூசியது போல ஒரு பளபளப்பு. செத்துப்போகிறது என்றே நினைத்தேன். உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 டிகிரி, எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் மனம் கேட்காமல் இரண்டு முறை இடம் மாற்றினேன். அதுதான் தவறு. லெதர் கோரல்கள் அவ்வப்போது மேல்தோலை இப்படி உரிக்கும். படிந்த பாசியையும் அழுக்கையும் கழற்ற அது அவற்றின் வழி. பம்பைக் கொஞ்சம் திருப்பி ஓட்டம் அதன் மேல் படும்படி வைத்தபின் அந்தத் தோல் கிழிந்து மிதந்து போனது. பதினோராம் நாள் காலையில் பாலிப்புகள் முழுவதும் விரிந்திருந்தன. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாவது கிரீன் ஸ்டார் பாலிப். ஊதா நிறப் பாய் போலப் படர்ந்து, மேலே பச்சைப் புல் மாதிரி அசையும். அதை முதன்மைப் பாறையில் சாய்த்து வைத்தேன். நான்கு மாதத்தில் பாய் பாறைக்கு ஏறி, காளான்கள் இருந்த விளிம்பைத் தொட்டுவிட்டது. நகத்தால் நெம்பினால் தோல் போல உரிகிறது. ஆனால் பாறையின் துளைக்குள் சிறு துண்டு மிஞ்சினாலும் அங்கிருந்து மறுபடி கிளம்புகிறது. இன்றும் வாரம் ஒருமுறை உரிக்கிறேன். இதையும், இதே போல வேகமாகப் பரவும் சீனியா என்ற மென்பவளத்தையும் வாங்குபவர்கள், சுற்றிலும் மணல் இருக்கும் தனிக் கல்லில் வையுங்கள். மணலைத் தாண்டுவது அவற்றுக்குக் கடினம்.

சீனியா எனக்குக் கரைந்தே போனது. எல்லாரும் களை என்று சொல்லும் பவளம் என் தொட்டியில் ஏன் சுருங்கியது என்று புரியவில்லை. சோதித்தபோது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நுரை எழுப்பிக் கழிவை அகற்றும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டி, மீனுக்கு உணவையும் குறைத்திருந்தேன். இத்தகைய மென்பவளங்களின் உணவில் பெரும்பங்கு, உள்ளே வாழும் பாசி ஒளியைக் கொண்டு தயாரித்துத் தருவதுதான். அந்தப் பாசிக்கும் உரம் வேண்டும். இப்போது நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் விட்டு வைத்திருக்கிறேன். மற்றவை நிறம் ஏறி நிற்கின்றன.

ஜோவாந்திட்டைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அழகு, எளிது, எல்லாம் உண்மை. ஆனால் இதன் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் தொட்டியில் கை விடும் வீடு என்பதால் நான் அதை வாங்கவில்லை.

எந்தத் துண்டு வந்தாலும் முதலில் ஒட்டிவரும் பூச்சிகளை நீக்கும் டிப் மருந்தில் முக்கி, நல்ல உப்புநீரில் அலசுகிறேன். ஒருமுறை பவளத்தை ஒட்டி விற்கும் அடிக்கட்டையில் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் குட்டிக் கடல் அனிமோன் ஒளிந்திருந்தது. டிப்பில் அது சாகாது. கட்டையை உடைத்தெறிந்து பவளத்தை மட்டும் புதுக் கல்லில் ஒட்டினேன். விளக்கைப் பாதியாகக் குறைத்து மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுகிறேன். லெதர் வகைகள் பக்கத்துப் பவளங்களை அடக்க வேதிப்பொருள்களைத் தண்ணீரில் விடும் என்பதால் அவற்றை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனை மாதாமாதம் மாற்றுகிறேன்.

டோட்ஸ்டூலின் தலை இப்போது என் உள்ளங்கை அகலம். இன்னும் பல மடங்கு பெரிதாகக் கூடியது அது. அதனால் அதைச் சுற்றியிருக்கும் பாறையில் வேறு எதையும் வைக்காமல் விட்டிருக்கிறேன். அடுத்து ஒரு ஃபிங்கர் லெதர் வாங்க ஆசை. அதற்கு வலதுபுறம் ஒரு கல்லைத் தனியாக மணலில் இறக்கி வைத்தாயிற்று.