அலெக்சாந்திரியாவுக்கு ஒரு நாள் போதவே போதாது

கெய்ரோவில் நாங்கள் தங்கிய விடுதிக்காரர் முதல் நாளே சொன்னார்: "அலெக்சாந்திரியாவா? காலையில் வேனில் போய் ராத்திரி திரும்பிவிடலாம்." இதை நம்பாதீர்கள். ஊர் 220 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போக வர ஆறு மணி நேரம் வண்டியிலேயே கழிந்தால் கடலை எப்போது பார்ப்பது, மீனை எப்போது சாப்பிடுவது? நானும் அக்காவும் இரண்டு இரவு தங்கினோம். அதுவே பற்றவில்லை.

போவதற்கு ரயில் நல்லது. ராம்சேஸ் நிலையத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி, உள்ளூர்க்காரர் கொடுப்பதைவிட அதிகம். அதை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். முன்னால் வரும் சீதி காபர் நிலையத்தில் கூட்டம் இறங்கும்போது நீங்களும் இறங்கிவிடாதீர்கள். பழைய ஊருக்குப் பக்கம் கடைசி நிறுத்தமான மஸ்ர் நிலையம்தான்.

அங்கே வெளியே வந்ததும் மஞ்சளும் கறுப்புமாக டாக்சிகள் நிற்கும். எங்கள் விடுதி இருந்த ரமல் பகுதிக்கு நடந்தாலே இருபது நிமிடம். ஒருவர் 300 எகிப்திய பவுண்டு கேட்டார். அக்கா 60 என்றாள். நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும் 150 ஆனது, தெருமுனையில் 80 ஆனது. சரி என்று ஏறினோம். இறங்கும் இடத்தில் டிக்கியைத் திறக்காமல், பெட்டிக்குத் தனியாக 50 வேண்டும் என்று நின்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கொடுத்துத் தொலைத்தோம். பெட்டியையும் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் ஏற வேண்டும். அதன் பிறகு செல்போன் செயலியில் மட்டுமே வண்டி பிடித்தோம்.

கிளம்புமுன் அரபு எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. அவர்களுடைய ஐந்து நம் சைபர் மாதிரி வட்டமாக இருக்கும், ஆறு நம் 7 மாதிரி இருக்கும். கடை விலைப்பலகைகளில் பெரும்பாலும் இந்த எண்கள்தான். படிக்கத் தெரிந்துவிட்டால் யாரும் வாய்க்கு வந்த விலையைச் சொல்ல முடியாது.

இனி சாப்பாடு. பஹ்ரி பக்கம் மீன்கடைகளில் ஐஸ் மேல் பரப்பியிருக்கும் மீனை நாமே காட்டி, எடை போடச் சொல்லி, எப்படிச் சமைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். அங்கே 'பூரி' என்று ஒரு மீன் சொன்னார்கள். பார்த்தால் நம்ம ஊர் மடவை! அதன்மேல் கோதுமைத் தவிட்டை அப்பி, தோல் கரியாகும் வரை சுடுகிறார்கள். கறுத்த தோலை உரித்தால் உள்ளே வெள்ளைச் சதை, ஆவி பறக்க, ஒரு சொட்டு ஈரம் குறையாமல். கூடவே வெங்காயத்தைப் பழுப்பாக வதக்கி அதிலேயே வேகவைத்த சையாதியா சோறு. காசு குறைவாக இருக்கும் நாளுக்கு ஈரல் ரொட்டி: பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் போட்டுப் பிரட்டிய ஈரலை நீள ரொட்டியில் அடைத்துத் தருவார்கள். நான் இரண்டு நாளில் ஐந்து தின்றேன்.

நாங்கள் போனது டிசம்பர். அந்த ஊர்க் குளிர்காலப் புயல்மழைக்கு 'நவ்வா' என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் உண்டு. கடற்கரைச் சாலையில் அலை சுவரைத் தாண்டி வந்து காரின் மேல் விழுந்தது. மழை பிடிக்காதவர்கள் ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள்.

அந்தக் காற்றிலும் கைத்பே கோட்டைக்குப் போனோம். பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 1477-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. மேலே நின்று துறைமுகத்தைப் பார்த்தபோது எனக்கு நம் பழைய சேரத் துறைமுகம் முசிறிதான் நினைவில் ஓடியது. முசிறியில் ஏற்றிய சரக்கைச் செங்கடலில் இறக்கி, பாலைவனம் தாண்டி, நைல் வழியாக இந்த ஊருக்குக் கொண்டுவருவதற்கான 2-ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்து, இப்போது வியன்னாவில் இருக்கிறது. வரி மட்டும் சரக்கு மதிப்பில் நாலில் ஒரு பங்கு! அக்காவை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை.

கோம் எல் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறையைத் தவறவிடாதீர்கள். 1900-இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்துதான் அது வெளியே தெரிந்ததாம். சுழல் படியில் இறங்கினால், ரோமப் போர்வீரன் கவசம் அணிந்த நரித்தலை எகிப்தியக் கடவுள் அனூபிஸ் நிற்கிறார். இறந்தவர்களுக்காகச் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடமே வெட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுப் படையல் நாள் போலவே இருந்தது எனக்கு. டிக்கெட்டுக்குக் கையில் வங்கிக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2002-இல் திறந்த புதிய நூலகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வெள்ளி, சனியில் போவதானால் திறந்திருக்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம் 2005-இல் மூடி, 2023-இல்தான் மறுபடி திறந்தது. நாங்கள் அதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தோம். வாசல் வரை போய், ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பி வந்தோம். நீங்கள் மூன்று இரவு போடுங்கள்.