‘ஹேவ்’ என்ற சின்னச் சொல்லும் அது வைக்கும் பெரிய பொறிகளும்

‘எனக்கு ரெண்டு தங்கச்சி’, ‘என்கிட்ட பேனா இருக்கு’, ‘வீட்டுக்கு நாலு ஜன்னல்’. உறவுக்கு ‘எனக்கு’, கைப்பொருளுக்கு ‘என்கிட்ட’ என்று நாம் வேற்றுமை உருபை மாற்றி மாற்றிச் சமாளிக்கிறோம். ஆங்கிலம் மூன்றையும் ‘ஹேவ்’ என்ற ஒரே வினையில் அடக்கிவிடுகிறது. ‘எனக்கு’ அங்கே ‘ஐ’ ஆகி, எழுவாய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

இதுவரை சிக்கல் இல்லை. ‘கார் வைத்திருக்கிறேன்’ என்பதை மொழிபெயர்க்கும்போதுதான் வழுக்குகிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் ‘இருக்கிறேன்’ ஒட்டியிருப்பதால், வாய் தானாக ‘ஆம்’ சேர்த்து ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்கிறது. உடைமை, உறவு, நோய் எல்லாம் நிலைகள். அவற்றுக்கு ‘ஐ ஹேவ் எ கார்’, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ போதும். ‘ஹேவிங்’ வரலாமா என்று பார்க்க, அது தொடங்கி நடந்து முடிகிற காரியமா என்று கேளுங்கள். சாப்பாடு, குளியல், கூட்டம் என்றால் தாராளமாக வரும்: ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’. இந்த வித்தியாசத்தை விட்டால் பொருளே புரண்டுவிடும். ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள் அல்லது பிரசவம் நடக்கிறது. இரண்டு பிள்ளைகளின் தாயைக் காட்டி ‘ஷி இஸ் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்றால், கேட்பவர் இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டஸ்’, ‘டிட்’ வந்தால் காலத்தையும் ஒருமையையும் அவையே சுமந்துவிடும். ‘டஸ் ஹீ ஹேவ்’, ‘டிட்ன்ட் ஹேவ்’ என்பவையே சரி. ‘டஸ் ஹீ ஹேஸ்’ கிடையாது.

துணைவினையாக வரும் ‘ஹேவ்’க்குத் தமிழிலேயே ஓர் உரைகல் உண்டு. ‘அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்பது ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’. ‘நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், நமக்கே உறுத்தும். ஆங்கிலத்திலும் ‘எஸ்டர்டே’ வந்தால் ‘ஐ சா ஹிம்’தான். ஆனால் ‘மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்’ என்ற இடத்தில் இந்த உரைகல் கைவிட்டுவிடும். நமக்கு நிகழ்காலம் போதும், அவர்களுக்கு ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ வேண்டும். கால அளவுக்கு ‘ஃபார்’. 2021 போன்ற தொடக்கப் புள்ளிக்கு மட்டும் ‘சின்ஸ்’.

சொல்வரிசை மாறினால் ஆளே மாறிவிடுவதும் உண்டு. ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை போன்’ என்றால் அதற்கு முன்பே நானே சரிசெய்திருந்தேன். ‘ஐ ஹேட் மை போன் ரிப்பேர்ட்’ என்றால் ஆளை வைத்துச் சரிசெய்துகொண்டேன். சலூனுக்குப் போய்வந்து ‘முடி வெட்டினேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று பெயர்த்தால், கத்தரியை நீங்களே பிடித்தீர்கள் என்று அர்த்தம். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதே சரி.

‘ஹேவ் டு’ கட்டாயத்தைச் சொல்வது. ‘மஸ்ட்’டுக்கு இறந்தகால வடிவம் இல்லாததால் ‘போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஹேட் டு கோ’தான் கைகொடுக்கும். எதிர்மறையில் கவனம் தேவை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வரவேண்டிய அவசியமில்லை; வந்தாலும் தப்பில்லை. ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரவே கூடாது. நம் ‘வரவேண்டாம்’ இரண்டு பக்கமும் சாயும் என்பதால், எதைச் சொல்ல வருகிறோம் என்று முதலில் தமிழிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பேச்சில் இந்த ‘ஹேவ் டு’ பெரும்பாலும் ‘ஹேஃப்டு’ என்றே ஒலிக்கும்.

‘ஐ ஹேட் ஹேட் லஞ்ச்’ (சாப்பிட்டிருந்தேன்) என்பதில் வரும் ‘ஹேட் ஹேட்’ அச்சுப்பிழை அல்ல: முதலாவது துணைவினை, இரண்டாவது முதன்மை வினை. ‘ஷுட் ஹேவ்’ என்பதை ‘ஷுட் ஆஃப்’ (should of) என்று எழுதுவதுதான் பிழை. இதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுக்கி விழுகிறார்கள்; பேச்சில் ‘ஷுட் ஹேவ்’ சுருங்கி (should've) ஒலிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி கேட்பதுதான் காரணம்.