ஒரே சீனைத் திரும்பத் திரும்ப: திரைக்கதை எழுதிப் பழகும் அனுபவம்

திரைக்கதை பற்றிய புத்தகங்களை மூடி வைத்துவிட்டு, தினமும் கொஞ்சம் சீன் எழுதுவது என்று ஆரம்பித்தேன். கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று பிரிக்கும் மூன்று அங்க அமைப்பு, திருப்புமுனை எல்லாம் முழுப்படத்தை யோசிக்கும்போது உதவும். ஒரு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்த வரி என்ன? அதை எழுதித்தான் பழக முடியும்.

முதலில் எடுத்துக்கொண்டது பார்த்து எழுதும் பயிற்சி. நன்றாகத் தெரிந்த ஒரு படத்தின் சீனைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, திரையில் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். யார் எங்கே நிற்கிறார், கை என்ன செய்கிறது, எப்போது எழுகிறார். "அவன் வருத்தமாக இருக்கிறான்" என்று எழுதத்தான் கை போகும். அங்கே நிறுத்தி, எதைப் பார்த்ததும் அப்படித் தோன்றியது என்று தேட வேண்டும். தட்டைத் தள்ளி வைத்தானா? பதில் சொல்லாமல் செருப்பைத் தேடினானா? எழுத வேண்டியது அதைத்தான். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வேறு எதையும்விட இந்தப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் சொந்த சீன். ஒரே ஒரு நிபந்தனை: கேட்க வந்ததை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. தம்பி அக்காவிடம் கடன் கேட்க வருகிறான். முதல் வடிவத்தில் கதவு திறப்பது, நலம் விசாரிப்பது என்றே ஒரு பக்கம் போனது. அடுத்த வடிவத்தில் அவன் ஏற்கெனவே சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். மேஜையில் அக்காவின் போன்.

"புதுசாக்கா?"

அக்கா போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.

"ஆபீஸ்ல குடுத்தது."

பணம் என்ற பேச்சே வரவில்லை. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரியும். போனைக் கவிழ்க்கும் அந்த வரி கிடைத்ததும், கீழே இருந்த வசனத்தில் பாதியை அடித்துவிட்டேன். இன்னொரு வடிவத்தில் அக்காவுக்கும் ஒரு தேவை கொடுத்தேன்: அம்மாவைக் கொஞ்ச நாள் தம்பி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு தேவை வந்த பிறகு சீன் தன்னால் நகர்ந்தது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதே போட்டியாகிவிட்டது.

மென்பொருளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 2012-இல் வந்த ஃபவுண்டன் என்ற எழுத்துமுறையில் எந்தச் சாதாரண எடிட்டரிலும் எழுதலாம். அதைப் படிக்கத் தெரிந்த செயலிகள் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்கும். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும் வரியைத்தான் அது பாத்திரத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். தமிழில் அந்த வித்தியாசம் கிடையாதே, அதனால் பெயருக்கு முன்னால் @ போட வேண்டும். சீன் எங்கே, எப்போது நடக்கிறது என்று சொல்லும் தலைப்பு வரிக்கு முன்னால் ஒரு புள்ளி. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் எழுத்துருவில் 12 பாயின்ட் அளவில் ஆங்கிலத்தில் எழுதுவதை வைத்துச் சொல்வது. தமிழுக்கு அதை நம்புவதைவிட, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடித்து வாசிப்பது மேல்.

வாசிப்பை நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆளுக்கொரு பாத்திரம், வசனம் அல்லாத, யார் என்ன செய்கிறார் என்று சொல்லும் செயல் வரிகளை மட்டும் நான் படிப்பேன். அவர்களுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் வசனம் நீளம் என்று அர்த்தம். ஒருமுறை தம்பியாக வாசித்த நண்பர் ஒவ்வொரு பதிலையும் "இல்லக்கா..." என்று தானாகவே ஆரம்பித்தார். தாளில் அப்படி இல்லை. கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் அப்படியே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது சீன்களைக் கோர்க்கும் வேலை. முன்னால் ஒரு சீன்: தம்பி வேறொருவர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வருகிறான், வசனம் கிடையாது. பின்னால் ஒரு சீன்: அவன் வீட்டு வாசலில் அம்மா, பெட்டியோடு. நடுவில் யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்பதை எழுதவில்லை. அது இல்லாமலே புரிகிறதா என்று, கதையே தெரியாத ஒருவரிடம் அடுத்த வாரம் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.