கச்சதீவுக்கு நேர்த்தி வைத்தவர்களுக்கு

பதுவை அந்தோனியாரின் திருநாள் ஜூன் 13. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் அன்றைக்குத்தான் கொண்டாட்டம். கச்சதீவு அந்தோனியார் கோயிலில் மட்டும் உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய தபசுகாலத்தில். ஜூனில் சோழகக் காற்று வீசிக் கடல் குழம்பிக் கிடக்கும் என்பது கடற்கரைச் சனத்துக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து விடியமுன்னம் புறப்பட்டுக் படகேறும் குறிகட்டுவானுக்குப் போய்விடுங்கள். பிந்தினால் இறங்குதுறையில் வெயிலுக்குள் வரிசை, வரிசைக்குள் இடிபாடு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படகின் முன்பக்கத்தில், அணியத்தில், இருக்க வேண்டாம், அலை தூக்கிப் போடுவது அங்கேதான். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. கடற்படை கொடுப்பதை நம்பாமல் ஆளுக்கு நாலு லீற்றராவது கொண்டுபோங்கள். நெருப்புப்பெட்டியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள், உப்புக் காற்றில் குச்சி நமுத்துவிடும்.

குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைச் சொந்தப் பங்குக் கோயிலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அங்கே அந்த வரிசையில் நின்றால், இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதை பாதி போய்விடும். மன்றாட்டுகளையும் வீட்டிலேயே தாளில் எழுதி வையுங்கள். அந்தோனியாரின் சுரூபத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கக் கிடைத்தால் பெரிய காரியம். பின்னால் தள்ளுகிற தள்ளில் பிள்ளையின் பெயர்கூட மறந்துபோகும்.

சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளில் பருக்கைக்கல் குத்தும். துவாய் ஒன்றை மடித்துப் போடலாம். சிலர் போடமாட்டார்கள், அந்த நோவை ஒப்புக்கொடுக்கத்தானே வந்தார்கள்.

இரவில் சுரூபப் பவனி. 2016 டிசம்பரில் திறந்த புதிய கோயிலைச் சுற்றி மெழுகுதிரிகள் காற்றில் அணைய அணைய, பக்கத்தில் நிற்பவர் ஏற்றித் தருவார். அவர் இராமேஸ்வரத்துக்காரராக இருக்கலாம். கடலடியை வாரும் இழுவைமடிக்கு வலையைப் பறிகொடுத்த யாழ்ப்பாணக் குருநகர்ச் சம்மாட்டியும், அந்த மடியை இழுத்த படகில் கூலிக்குப் போனவரும் ஒரே கூட்டத்தில் நிற்பார்கள். பிரார்த்தனை தொடங்கும். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று இரண்டு கரையின் தமிழும் ஒரே குரலாய் எழும்பும்போது, எழுதிக் கொண்டுபோன தாள் பையிலேயே கிடக்கும். கேட்க வந்ததை விட்டு, தந்ததை எண்ணத்தான் வாய் வரும்: புயலுக்குத் தப்பி வந்த வள்ளம், சுகமாய்ப் பிறந்த பிள்ளை, காணாமற்போய்க் கிடைத்த நகை. கோடி அற்புதரே, உமக்குத் தோத்திரம். இத்தனை சனத்தையும் இந்தக் கல்லுத்தீவுக்குக் கூட்டி வந்தீரே, தோத்திரம்.