பன்னிரண்டு வருடம் தூங்கிய படமும், தூங்காத அம்மாவும்

எங்கள் வீட்டில் ஒரு படம் தேறியதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அம்மாதான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். தியேட்டரில் ஏசி குளிர் பட்டதும் சேலையை இழுத்துப் போர்த்துவார், பத்தாவது நிமிடம் தலை என் தோளில் சாயும். சாயாவிட்டால் படம் பாஸ்.

எனக்கு சேலம் சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் மெருகு போடுகிற வேலை. வருடத்தில் பட்டறை சேர்ந்தாற்போல மூடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். 2025 பொங்கலுக்கு அரசாங்கம் 17ஆம் தேதியையும் விடுமுறையாக அறிவித்ததில் 14 முதல் 19 வரை ஆறு நாள் கிடைத்தது. தங்கச்சி பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அப்புறம் என்ன, படம்தான்.

அந்தத் தடவை அஜித் படம் வருவதாக இருந்தது. புத்தாண்டுக்கு முந்தின இரவு, பொங்கலுக்கு ‘விடாமுயற்சி’ இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் தம்பி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆனால் பெரிய லாரி ஒதுங்கியதும் சந்துக்குள் நின்ற வண்டியெல்லாம் வெளியே வருமே, அந்த மாதிரி வரிசையாகப் படங்கள் வந்தன.

முதலில் ‘கேம் சேஞ்சர்’. 10ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து கோட்டை அழகிரிநாதர் கோயிலில் சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வந்தவர். சாயங்காலக் காட்சியில் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிட்டார். அந்தப் பழியை முழுக்க ஷங்கர் மேல் போட முடியாது. ஆனால் நான் தூங்காமல் பார்த்தேனே! ஒவ்வொரு பாட்டுக்கும் கொட்டியிருக்கும் காசு கண்ணைப் பறிக்கிறது. அப்பா ராம் சரண் வரும் பழைய கதை மட்டும் மனதில் நின்றது. மற்றதெல்லாம், எங்கள் பாஷையில் சொன்னால், பத்த வைப்பு, அதாவது துண்டுகளை உருக்கி ஒட்டுவது, சரியில்லாத கொலுசுக்கு மூன்று தடவை மெருகு போட்ட மாதிரி.

‘வணங்கான்’ நான் மட்டும் தனியாகப் போனது. பாலா படத்துக்குக் குடும்பத்தோடு போகிற தைரியம் எனக்கு இல்லை. காது கேட்காத, வாய் பேசாத ஆளாக அருண் விஜய். வசனமே இல்லாமல் கழுத்தும் தோளும் கையும் பேசுகின்றன, அதற்காகப் பார்க்கலாம். ஆனால் வலியைக் காட்டிக் காட்டியே நம்மை அழவைக்கும் பழைய வழியை பாலா இன்னும் விடவில்லை. பார்வையற்ற பெண்களுக்கு நடக்கும் அந்தக் கொடுமையை அவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டுமா என்ற கோபம் வீடு வந்த பிறகும் போகவில்லை.

இனி நம்ம கதைக்கு வருகிறேன். ‘மதகஜராஜா’. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம், பணச் சிக்கலில் மாட்டி 2025 பொங்கலுக்கு வந்தது. போகி அன்று சாயங்காலம், ஏழு பேர். தியேட்டர் பெயர் வேண்டாம், இடைவேளையில் ஏசியை நிறுத்தியவர்கள் அதற்குப் பிறகு போடவே இல்லை. அம்மா தூங்காததற்குப் புழுக்கம்தான் காரணம் என்று தம்பி இன்றுவரை வாதாடுகிறான். அதெல்லாம் இல்லை. விஷாலும் சந்தானமும் மனோபாலாவை வைத்துக்கொண்டு அடிக்கும் அந்த நீண்ட கூத்தில் அம்மா என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். முன் வரிசையில் ஒருவர் மூச்சு வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரிக்கிறார். படம் ஓடுவதே காதில் விழவில்லை.

குறை இல்லையா? நிறைய இருக்கிறது. கதாநாயகிகளைக் கேமரா மேய்கிற இடங்களில் தங்கச்சி மகளுக்குப் பாப்கார்ன் எடுத்துக்கொடுப்பதுபோல மறைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பழசாகியிருக்க வேண்டிய ஜோக்குகளும் உண்டு. ஆனால் சந்தானம் கதாநாயகன் ஆவதற்கு முன்பு எப்படி இருந்தார் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு சிரிப்பு.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம். கடைக்காரர் தட்டுவடை மேல் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக்கொண்டே, “என்ன படம்ங்க?” என்றார். சொன்னேன். “என் கல்யாணத்தப்ப வர்றதா இருந்த படங்க அது. என் மூத்தவ இப்ப ஆறாவது படிக்கிறா.”

‘காதலிக்க நேரமில்லை’ தங்கச்சிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் பிடித்தது. நித்யா மேனன் நன்றாகச் செய்திருக்கிறார், ரஹ்மான் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் இல்லாமல் குழந்தை பெற நினைக்கும் பெண்ணைப் பற்றிய கதை என்று சொன்னதும், “அதுக்கென்ன, வளர்க்கத் தெரிஞ்சா சரி” என்று அம்மா சொன்னது படத்தைவிட எனக்குப் பிடித்தது. ‘நேசிப்பாயா’ போகவில்லை, காசு தீர்ந்துவிட்டது.

காணும் பொங்கலுக்கு ஏற்காடு. சேலமே அன்றைக்கு மலை ஏறியிருந்தது. போகிற வழியில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவைப் பார்த்ததும் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். “டி.ஆர்.சுந்தரம் முதலாளி காலத்துல சொன்ன தேதிக்குப் படம் வெளிய வந்துரும். நூறு படத்துக்கு மேல எடுத்த கம்பெனிடா. ஒரு படத்தைப் பன்னெண்டு வருஷம் பெட்டியில வெச்சிருப்பாரா?” பதில் சொல்ல ஆள் இல்லை. பஸ் ஏழாவது கொண்டை ஊசியில் நின்றுவிட்டது, முன்னால் ஒரு காரில் புகை.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தானாகச் சிரித்தார். என்னம்மா என்றேன். “அந்த மனோபாலாவை நெனச்சேன். இப்ப ஏன் ஒண்ணுத்துலயும் காணோம்?”

“இறந்துட்டாரும்மா. 2023 மே மாசம்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டாவது வளைவில் மறுபடியும் தோள் குலுங்கியது. எட்டிப் பார்த்தேன், சிரிப்புதான்.