ரோவன் பழத்தின் அடியில் ஒரு நட்சத்திரம்

ரோவன் மரம் காய்த்து நிற்கும்போது கண்ணில் படுவது சிவப்புக் கொத்துகள்தான். எனக்கு அதில் ஒரே ஒரு பழம் போதும். காம்பு இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து முனையோடு ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும். பூவின் புல்லிவட்டம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது அது. ஆப்பிளின் அடியில் இருக்குமே, அதேதான். பிளேடால் குறுக்கே வெட்டினால் நடுவில் விதையறைகள். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பழத்துக்குள் முழு ஆப்பிளின் அமைப்பும் இருக்கிறது! பெர்ரி என்று பேச்சுக்குச் சொல்கிறோம்; மரம் ரோஜாக் குடும்பம், ஆப்பிளுக்கும் பேரிக்கும் பங்காளி.

ரோவனுக்கு 'மலை ஆஷ்' என்று இன்னொரு பெயரும் உண்டு; அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஷ் மரம் ஆலிவ் குடும்பம், இதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இலையைப் பார்த்து வந்த குழப்பம் அது. இரண்டிலும் ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். ஆனால் கிளையைப் பாருங்கள்: ஆஷில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக முளைக்கும், ரோவனில் மாறி மாறி.

பழத்தைப் பச்சையாக ஒருமுறை கடித்தேன். கசப்பும் துவர்ப்புமாக நாக்கு இழுத்துக்கொண்டது. அதிலுள்ள பாராசார்பிக் அமிலம் வயிற்றுக்கும் ஆகாது. வேகவைத்தால் அது சார்பிக் அமிலமாக மாறிவிடும், அப்புறம் ஜெல்லி செய்யலாம். ரொட்டி கெடாமலிருக்க இன்று சேர்க்கிறார்களே, அந்தச் சார்பிக் அமிலத்தை 1859-இல் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் முதலில் பிரித்தெடுத்தது இந்தப் பழத்தின் எண்ணெயிலிருந்துதான்.

ரோவனின் சொந்தக்காரர்களில் எனக்கு நெருக்கம் வைட்பீம் மரம். பிளவில்லாத முழு இலை, அடியில் வெள்ளைப் பஞ்சு போல மெல்லிய ரோமம். காற்றடித்தால் மரமே வெளுத்துத் திரும்பும். இமயமலைப் பக்கத்து காஷ்மீர் ரோவனுக்குப் பழமே வெள்ளை.

நமக்குக் கசந்தாலும் பறவைகள் விடுவதில்லை. ரோவனின் லத்தீன் பெயரிலுள்ள 'ஆகுபாரியா' பறவை பிடிப்பதைக் குறிக்கும் சொல். வலைக்காரர்கள் இந்தப் பழத்தை இரையாக வைத்தார்கள். பறவை எச்சத்தில் விழும் விதை பாறை இடுக்கிலும், வேறு மரத்தின் கவட்டையிலும்கூட முளைத்துவிடும். ஆனால் அதற்கு முன் குளிர்காலத்தைக் கடக்க வேண்டும், சிலவற்றுக்கு இரண்டு. நான் கழுவி மண்ணில் புதைத்த பதினோரு விதையில் முதல் வசந்தத்தில் மூன்றுதான் எழுந்தன. மீதி எட்டு இருக்கும் தொட்டியை அப்படியே வெளியில் வைத்திருக்கிறேன்.