வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த ஓராண்டு

பெரியப்பாவின் காரியத்தன்று பெரியம்மாவின் கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களைக் கழற்ற உறவுக்காரப் பெண்கள் சோப்பும் எண்ணெயும் தடவிப் பார்த்தார்கள். அவை மணிக்கட்டைத் தாண்டவே இல்லை. வெட்டி எடுக்க வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அவருடைய 84ஆம் வயதில், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவற்றில் ஒன்று தானாகக் கழன்று பாத்திரத்துக்குள் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். "விரதத்துல இளைச்சிட்டேன் கண்ணு" என்றார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதித் தமிழ் வீடுகளில் புரட்டாசி மாதம் முழுவதும் மீனும் இறைச்சியும் தொடாமல் இருப்பது கண்டிப்பான வழக்கம். அதனால் அவர் சாப்பாட்டைக் குறைத்ததை நாங்கள் எல்லோரும் விரதத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

நான் ஓய்வு பெற்ற சமூகச் செவிலி. சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் ஆகிய பகுதிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறொரு வீட்டில் ஒரு மூதாட்டியின் வளையல் இப்படிக் கழன்று விழுந்திருந்தால் அன்றே உட்கார்ந்து கேள்விகள் கேட்டிருப்பேன். சொந்த வீட்டில் கேட்கவில்லை. ஆதரவுச் சிகிச்சை, அதாவது நோயின் வலியையும் தொல்லைகளையும் தணிக்கும், மருத்துவமனைகளில் பேலியேட்டிவ் கேர் என்று சொல்லப்படும் கவனிப்பு, ஒரு முதியவருக்கு எப்போது தேவைப்படுகிறது என்பதை வீட்டிலிருப்பவர்கள் எப்படிக் கண்டுகொள்ளலாம் என்று எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தவறிலிருந்துதான் எனக்கு வந்தது.

பெரியம்மாவுக்கு நீரிழிவு நெடுநாளாக இருந்தது. இதயம் பலவீனமடைந்திருந்தது. சிறுநீரகமும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது. மாதந்தோறும் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். அங்கே அட்டையில் குறித்த எடை ஏழெட்டு மாதங்களாக ஏறக்குறைய ஒரே அளவில் நின்றதால் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் இதயம் தளர்ந்தவர்களின் உடலில் நீர் சேரும். காலும் வயிறும் வீங்கும்போது தோளிலும் கையிலும் உள்ள தசை கரைந்துபோனாலும், ஒன்றின் கூடுதல் மற்றொன்றின் குறைவை மறைத்துவிடுவதால், எடைக்கருவியின் முள் நகராமல் நிற்கும். அட்டை சொல்லாததை அந்த வளையல் சொல்லியிருந்தது. முதியவர் ஒருவரைப் பார்க்கப் போகும்போது எடையை மட்டும் கேட்காதீர்கள். மோதிரம் விரலில் சுழல்கிறதா, பல்செட் வாயில் ஆடுகிறதா, ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஆதரவுச் சிகிச்சை என்றவுடன் நம்மவர்களுக்குப் புற்றுநோயும் கடைசி வாரமும்தான் நினைவுக்கு வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஆண்டுதோறும் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 50 வயதைக் கடந்தவர்கள். தேவைப்படுவோரில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது. இதயம், நுரையீரல், சிறுநீரகம் தளர்ந்தவர்களும் மறதி நோயாளிகளும் இந்தக் கணக்கில் அடங்குவார்கள். நோய்க்கான மருத்துவத்தை நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். பெரியம்மா கடைசி வரை இதயத்துக்கான மாத்திரைகளைச் சாப்பிட்டார்.

பிறகு ஏன் தெரியாமல் போகிறது? நோய் இறங்கும் விதத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புற்றுநோயில் பலர் நெடுநாள் ஓரளவு நன்றாக இருந்து, பிறகு சில வாரங்களில் சட்டென்று சரிகிறார்கள். அது எல்லோர் கண்ணுக்கும் படும். மறதி நோயிலும் முதுமைத் தளர்ச்சியிலும், எண்ணெய் குறைந்த விளக்கைப் போல, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைகிறார்கள். இதயநோய் இந்த இரண்டிலும் சேராது. திடீரென மூச்சுத்திணறல் வரும், மருத்துவமனையில் சேர்ப்போம், ஊசி போட்டு நீரை இறக்குவார்கள், ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். பெரியம்மா அந்த ஓராண்டில் மூன்று முறை இப்படிப் போய்த் திரும்பினார். ஒவ்வொரு முறையும் மாரியம்மன் காப்பாற்றிக் கொடுத்தாள் என்று நாங்கள் மகிழ்ந்தோம், அந்த மகிழ்ச்சியில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முன்பிருந்த படிக்கு ஒரு படி கீழேதான் திரும்பி வந்தார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் முறை வந்தபின் வாசல் மாடத்தில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதைப் பேரனிடம் விட்டார். இரண்டாம் முறைக்குப் பிறகு கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினார். மூன்றாம் முறைக்குப் பிறகு பகலிலும் அந்த நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை.

மருத்துவர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த நோயாளி இன்னும் ஓராண்டுக்குள் இறந்துபோனால் எனக்கு வியப்பாக இருக்குமா?" வியப்பாக இருக்காது என்று மனம் சொன்னால் அவருடைய தேவைகளை உடனே பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். புற்றுநோயில் இந்தக் கேள்வி ஓரளவு உதவுகிறது, மற்ற நோய்களில் அவ்வளவாக இல்லை. அதைவிட எனக்குப் பயன்பட்டது, 2010ஆம் ஆண்டு முதல் எடின்பரோவில் உருவாக்கி வளர்த்த ஸ்பிக்ட் என்னும் ஒரே பக்க வழிகாட்டி. எத்தனை மாதம் உயிரோடிருப்பார் என்று அது யாரையும் ஊகிக்கச் சொல்வதில்லை. கண்ணெதிரே நடப்பதைத்தான் கேட்கிறது. எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்ததா? பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறதா? குளிக்க, உடுத்த, நடக்க மற்றவர் கை தேவைப்படுவது கூடுகிறதா? உடல் தொடர்ந்து மெலிகிறதா? தக்க மருத்துவம் கொடுத்தும் தொல்லைகள் அடங்காமல் இருக்கின்றனவா? இனி ஊசியும் குழாயும் வேண்டாம், நிம்மதியாக இருந்தால் போதும் என்று நோயாளியே சொல்கிறாரா? இவற்றில் எதற்கும் பெரியம்மா வீட்டில் "இல்லை" என்ற பதில் கிடைக்காது.

அந்தப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்: பார்த்துக்கொள்பவருக்கு உதவி தேவைப்படுகிறதா? நோயாளி மறைப்பதைப் பார்த்துக்கொள்பவரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனின் மனைவி, என் அண்ணி, நாலைந்து மாதங்களாகக் கூடத்தில் பாய் விரித்து, பெரியம்மாவின் இருமலுக்குக் காது கொடுத்தபடி படுத்திருந்தார். கேட்டால் "எனக்கொன்றுமில்லை" என்பார். மாமியாரைப் பார்த்துக்கொள்வது சுமையாக இருக்கிறது என்று சொல்ல நம் வீட்டு மருமகள்களின் நா எழாது. இப்போதெல்லாம் நான் ஒரு வீட்டுக்குப் போனால், நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்று முதலில் மருமகளைத்தான் கேட்கிறேன்.

வலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சேர்த்திருந்தபோது, வலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். பேரன் தனக்குத் தெரிந்த தமிழில் "வலிக்குதா ஆயா?" என்றான். "வலி இல்லை" என்றார் பெரியம்மா. ஏட்டில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்கள். மாலையில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கால் எரிகிறதா என்று கேட்டேன். ராத்திரி முழுக்க நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்றார். முதுகு? கடுப்பு. முழங்கால்? குடைச்சல். நெஞ்சு? பாரம். வலி என்று மட்டும் கேட்டதற்கு இல்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல. அவருடைய தமிழில் எரிச்சல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு. மருத்துவத்திலும் அவை வேறுதான், ஏனென்றால் நீரிழிவால் நரம்பு கெட்டு வரும் எரிச்சலுக்குக் கொடுக்கும் மருந்து, மூட்டு நோவுக்குக் கொடுப்பது அல்ல. 1860 முதல் வந்து கரும்புத் தோட்டங்களில் இறங்கியவர்களின் வழியில் வந்த நம் குடும்பங்களில் தமிழ் இன்று பெரும்பாலும் பாட்டிமாரோடு நின்றுவிட்டது. பேரன் பேத்திகள் ஆங்கிலத்தில் வளர்ந்துவிட்டார்கள். நோயின் தொல்லைகளைச் சொல்லும் சொற்கள் கேட்பவரில்லாமல் போவதைவிடக் கொடிய இழப்பு அந்தப் படுக்கையருகில் எனக்குத் தோன்றவில்லை.

பேச்சே நின்றுபோன மறதி நோயாளிகளுக்கு வேறு வழி உண்டு. மூச்சு விடும் விதம், முனகல், முகச்சுளிப்பு, உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண் கொடுக்கும் பெய்னாட் என்ற அளவுகோல் 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குளிப்பாட்டும்போது அடிக்க வரும் பாட்டியைப் பலர் பிடிவாதக்காரி என்கிறார்கள். இடுப்பை அசைக்கும்போது அவருக்கு நோகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. மெலிவதெல்லாம் மரணத்தின் அறிகுறி ஆகிவிடாது. இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், தூக்கத்தைக் கூட்டும் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. அவற்றைத் தேடாமலேயே ஆதரவுச் சிகிச்சைக்கு அனுப்புவதும், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள் என்றே நினைக்கிறேன்.

மருத்துவரிடம் நானே பேசினேன். வீட்டுக்கு வந்து பார்க்கும், ஹாஸ்பிஸ் என்னும் ஆதரவுச் சிகிச்சை அமைப்பின் செவிலி ஒருவர் ஏற்பாடானார். அவர் முதல் நாள் மருந்துப் பையைத் திறக்கவே இல்லை. பெரியம்மாவிடம், "உங்களுக்கு எதில் பயம்?" என்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். மூச்சு முட்டிச் சாவதுதான் பயம், மருத்துவமனைக்கு இனி வேண்டாம் என்று பெரியம்மா தயங்காமல் சொன்னார். ஓராண்டாக நாங்கள் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. பிள்ளைகள் மூவர். இதற்கு ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. நோயாளியால் முடிவு சொல்ல இயலாதபோது யார் சம்மதிக்கலாம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. ஆனால் பெரியப்பா இல்லாத நிலையில் வரும் வளர்ந்த பிள்ளைகளில் எவர் என்று அது பிரித்துச் சொல்வதில்லை. நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒருவரை எழுத்தில் நியமிக்க அதே சட்டம் இடம் தருகிறது. பெரியம்மா அண்ணனின் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

மூச்சுத்திணறலுக்கு மிகச் சிறிய அளவில் மார்ஃபின் திரவம் கொடுத்தார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் அது உடலில் தங்கிவிடும் என்பதால் இடைவெளியைக் கூட்டினார்கள், மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து தந்தார்கள். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டு அழுத அதே பிள்ளை, நான்காம் நாள் தன் தாய் கட்டிலில் படுத்துத் தூங்குவதைக் கதவருகில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு ஓய்வு கொடுக்க, வாரத்தில் நான்கு இரவுகள் ஒரு ஜூலு அம்மையாரை வைத்துக்கொண்டோம். எரியுதா, குடையுதா, மூச்சு முட்டுதா என்ற மூன்று கேள்விகளையும் "இல்லை" என்ற விடையையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரவில் எத்தனை மணிக்குக் கேட்டார், பெரியம்மா என்ன சொன்னார் என்பதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தான் கேட்ட ஒலியிலேயே எழுதி வைப்பார். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஜூன் மாதத்துக் கடைசிப் பக்கத்தில் விடிகாலை இரண்டு மணிக்கு நேரே, மூன்று கேள்விகளுக்கும் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்.